படகுகளைத் தவிர்

தாலின் நகரில் நான் லாரிகளுக்கு வழி போடுகிறவள்.
எடை சொன்னால் பாலம் சொல்வேன்,
உயரம் சொன்னால் சுரங்கம் சொல்வேன்.
வீட்டுக்காரனுக்கு மட்டும்
ஒரே ஒரு ஊருக்கு வழி போட முடியாமல்
பதினாறு வருடம்.

ரைவோவின் தங்கை லேலோ இருப்பது
ஹியூமா தீவில்.
எப்போதும் அவள்தான் வருவாள்.
இப்போது வர முடியாது:
பையன் பிறந்து ஒன்பது நாள்.
தீவுக்குச் சின்ன விமானம் உண்டு,
ஆனால் ரைவோ செய்து வைத்திருக்கும் தொட்டில்
அதன் கதவுக்குள் நுழையாது.
நாடா வைத்து அளந்து பார்த்துவிட்டோம்.

செயலியைத் திறக்கிறேன்.
அமைப்புகளில் மூன்று கட்டங்கள்:
சுங்கம், நெடுஞ்சாலை, படகு.
மூன்றாவதில் டிக்.
எந்தப் புதுக் கைபேசி வாங்கினாலும்
முதல் வேலையாக அவன் போடுவது அது.
படகுகளைத் தவிர்.
(கப்பலைப் படகு என்று சொல்வது
செயலியின் நாகரிகம்.)

தொண்ணூற்று நான்கு செப்டம்பரில்
அவன் அப்பா ஒரு கப்பலில் ஏறினார்.
அந்த வாக்கியத்தை அதற்கு மேல்
எங்கள் வீட்டில் யாரும் சொல்லி முடித்ததில்லை.

'வழி கிடைக்கவில்லை' என்கிறது திரை,
மரியாதையாகத்தான்.

பிப்ரவரி. மைனஸ் பத்தொன்பது.
காலைச் செய்தியில், ரொட்டி விலைக்கும் பனிச்சறுக்கு முடிவுகளுக்கும் நடுவே,
உறைகடல் சாலை திறந்தாயிற்று என்றார்கள்.
ரோஹுகூலாவிலிருந்து ஹெல்டர்மா வரை
கடலின் மேல் இருபத்தாறு கிலோமீட்டர்.

வரைபடத்துக்கு இது எட்டவில்லை.
அதற்கு நீலம் என்றால் நீலம்.
கோட்டை விரலால் கடலுக்குள் இழுக்கிறேன்,
தொட்ட அட்டைப்பூச்சி போலச் சுருண்டு
கரைக்கே ஓடுகிறது.
விடவில்லை நான்.
தூரம் அளக்கும் கருவியை எடுத்து
நீலத்தில் ஒவ்வொரு புள்ளியாக வைத்தேன்.
பதினோரு புள்ளி.
ரைவோ என் தோளுக்குப் பின்னால் நின்று
ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு விட்டான்.

விதிகளை உரக்கப் படித்தேன்:
சீட் பெல்ட் போடக் கூடாது.
இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவேகம் கூடாது,
அடியில் அலை எழும்பும்.
நிற்கக் கூடாது.
இருட்டினால் கூடாது.
"கல்யாணத்துக்கும் இதையே படித்திருக்கலாம்" என்றான்.

சாலை என்றால் என்ன,
இருபுறமும் பனியில் நட்ட ஜூனிபர் கிளைகள்,
அவ்வளவுதான்.
பின்னிருக்கையில் தொட்டில் தானாக ஆடுகிறது.
கைபேசியில் எங்கள் நீலப்புள்ளி
நீலத்துக்குள் காணாமல் போய், வந்து, போய்...
"முடிந்த இடத்தில் திரும்பவும்" என்றது குரல்.
கொஞ்சம் பொறுத்து மறுபடி,
"முடிந்த இடத்தில் திரும்பவும்."
ரைவோ ஸ்டியரிங்கை விடாமல் சிரித்தான்,
கண்ணில் நீர் வரும் வரை.
அது சிரிப்பின் நீர்தானா என்று
நான் பார்க்கப் போகவில்லை.

பையனுக்குக் காது மட்டும் ரைவோவின் காது.

மூன்றாம் நாள் மழை.
பிளஸ் இரண்டு.
சாலையை மூடிவிட்டார்கள்,
கிளைகள் தண்ணீரில் நிற்பதை
யாரோ படமெடுத்து அனுப்பியிருந்தார்கள்.
திங்கட்கிழமை எனக்கு நாற்பது லாரி.

லேலோ பால் கொடுக்க உள்ளே போனாள்.
மேசையில் கைபேசி.
நான் தொடவில்லை.
என் தொழில் அது, இருந்தாலும் தொடவில்லை.
அவனாகவே எடுத்தான்.
அமைப்புகள். மூன்றாவது கட்டம்.
கட்டைவிரல் அதன் மேலேயே நின்றது,
திரை இருண்டுபோகும் அளவுக்கு.
திரும்ப எழுப்பினான்.
டிக்கை எடுத்தான்.

உடனே வந்துவிட்டது வழி,
இத்தனை வருடமும் அங்கேயே இருந்ததுபோல்.
கடலின் குறுக்கே ஒரு துண்டுக்கோடு,
ஒன்றேகால் மணி நேரம்.
இரண்டு விரலால் அதைப் பெரிதாக்குகிறான்,
இன்னும் பெரிதாக்குகிறான்.
கப்பல் எதுவும் தெரியவில்லை.
நீலம்தான்.

"ஆறு மணிக்கு ஒன்று இருக்கிறது,
எட்டரைக்கு ஒன்று" என்றான்.

எட்டரை, என்றேன்.
வெளிச்சம் இருக்கும்.